‘ஆன் தி அதர் ஹேண்ட்’ போட்டுவிட்டால் ஒப்பீடு ஆகிவிடுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்குக்குத் தயாராகிறீர்கள். சென்னையையும் கோவையையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிப் பயிற்சி வகுப்பில் காட்டியிருக்கிறீர்கள். ‘சிமிலர்லி’, ‘ஹவ்எவர்’, ‘வேர்ஆஸ்’, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ எல்லாம் அதில் இருந்தும், ‘ரெண்டு ஊரைப் பத்தி எழுதியிருக்கீங்க, ஒப்பிடவே இல்லையே’ என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இன்னும் நல்ல இணைப்புச் சொற்களாக ஒரு பட்டியல் வேண்டும் என்கிறீர்கள். பட்டியல் தரலாம், ஆனால் அதனால் உங்களுக்குப் பயன் இருக்காது. ஏற்கெனவே இருக்கிற நான்கு சொற்களே போதும். ‘எல்லா இணைப்பும் போட்டும் ஏன் ஒட்டவில்லை’ என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடந்த சில ஆண்டுகளாக மாலையில் ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கும் தாள் திருத்தித் தருகிறேன். அந்தத் தேர்வின் எக்ஸாமினர் நான் இல்லை. ஆகவே ‘இப்படி எழுதினால் 7 வரும்’ என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. ஒரு பத்தி எந்த இடத்தில் உடைகிறது என்று காட்ட முடியும், அவ்வளவுதான். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒப்பீடு சரியாக விழுந்திருக்கிறதா என்பது கண்ணைவிடக் காதுக்கு முதலில் தெரியும்.

உங்கள் பத்தியிலிருந்து நான்கு வரி. ‘சென்னை இஸ் எ பிக் சிட்டி. ஆன் தி அதர் ஹேண்ட், கோயம்புத்தூர் ஹேஸ் எ ப்ளெசன்ட் க்ளைமேட். சென்னை ஹேஸ் மெனி ஐடி கம்பெனீஸ், வேர்ஆஸ் தி பீப்பிள் ஆஃப் கோயம்புத்தூர் ஆர் வெரி ரெஸ்பெக்ட்ஃபுல். சிமிலர்லி, சென்னை ஹேஸ் எ பீச்.’ இலக்கணத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் முதல் வரி அளவைப் பேசுகிறது, அடுத்த வரி தட்பவெப்பத்தைப் பேசுகிறது. ஒரு பக்கம் ஐடி கம்பெனி, மறுபக்கம் மரியாதை. பொண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டால் மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று தரகர் பதில் சொல்வது போல இருக்கிறது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் ஒன்றுக்கு மற்றொன்று பதிலாகாது. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்று நடுவில் போட்டதால் அந்த இடைவெளி மறையவில்லை, இன்னும் பளிச்சென்று தெரிகிறது. கடைசி வரியில் ‘சிமிலர்லி’ என்று வந்ததும், ‘எதைப் போல?’ என்று படிக்கிறவர் தேட ஆரம்பித்துவிடுவார்.

இதில் உங்கள் மேல் மட்டும் தப்பு சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பட்டியல்தான் கொடுத்தேன். ஒற்றுமைக்குப் பன்னிரண்டு சொல், வேற்றுமைக்குப் பன்னிரண்டு சொல் என்று ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுக்க விநியோகித்தேன். அடுத்த வாரம் வந்த தாள்களில் ஒரு பையன் தன் சித்தப்பாவையும் மாமாவையும் ஒப்பிட்டிருந்தான்: ‘மை சித்தப்பா ஹேஸ் எ புல்லட். லைக்வைஸ், மை மாமா இஸ் இன் துபாய்.’ சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அவன் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான். பட்டியலில் இருந்த சொல்லை எடுத்தான், இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் வைத்தான். என்ன செய்தால் அது ஒப்பீடாகும் என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

முதலில் வேண்டியது, இரண்டு பொருளிடமும் கேட்கக்கூடிய ஒரே கேள்வி. ஆங்கிலப் பாடநூல்கள் இதை ‘பேசிஸ் ஆஃப் கம்பேரிசன்’ என்று சொல்லும். நமக்கு இது புதிதே அல்ல. பள்ளியில் வேற்றுமை அணி படித்திருப்பீர்கள். அதற்கு எடுத்துக்காட்டாகப் பாடப்புத்தகத்தில் வருவது ‘தீயினாற் சுட்டபுண்’ குறள். தீயையும் நாக்கையும் ஒப்பிட வேண்டும் என்றால் ஆயிரம் சொல்லலாம். தீ வெளிச்சம் தரும், நாக்கு சுவை அறியும். அந்த வழிக்கே வள்ளுவர் போகவில்லை. இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: நீ சுட்டால் ஆறுமா? இரண்டும் சுடும் என்பது ஒற்றுமை, ஒன்று ஆறும் மற்றொன்று ஆறாது என்பது வேற்றுமை. அந்த வேற்றுமையைச் சொல்லிலேயே காட்டியும்விடுகிறார், தீ சுட்டதைப் புண் என்றும் நாக்கு சுட்டதை வடு என்றும் சொல்லி. அந்த அணியின் இலக்கணமே இதுதான்: முதலில் ஒப்புமை, பிறகு அதற்குள் ஒரு வேறுபாடு. ஏழு சீரில் முடிந்துபோன இந்தக் காரியத்தைத்தான் உங்கள் தேர்வில் நூற்றைம்பது வார்த்தையில் செய்யச் சொல்கிறார்கள்.

இரண்டாவதாக, ஒப்பிட ஒரு காரணம் வேண்டும். சென்னையையும் கோவையையும் எதற்கு ஒப்பிடுகிறீர்கள்? ‘கேள்வியில் கேட்டார்கள்’ என்பது காரணம் ஆகாது. ஒப்பிட்டுப் பார்த்தபின் உங்களுக்குத் தெரிந்த ஒன்று, தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத ஒன்று, இருக்க வேண்டும். உங்கள் ஊர்களையே வைத்துச் செய்து பார்ப்போம். தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை. கோவை நகரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் அங்கே பெய்வது ஏறக்குறைய இதில் பாதி. இதோடு நிறுத்தினால் அது பொது அறிவுப் புத்தகம். ஆனால் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை வந்தது சென்னைக்கு, அதாவது இரண்டு மடங்கு மழை பெறுகிற ஊருக்கு. இப்போது ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. படிக்கிறவர் ‘அது எப்படி?’ என்று கேட்பார், பத்தி தானாக நகரும்.

ஆங்கிலத்தில் அந்த முதல் வரி இப்படி வரலாம்: ‘சென்னை கெட்ஸ் அபவுட் ட்வைஸ் ஆஸ் மச் ரெய்ன் ஆஸ் கோயம்புத்தூர், யெட் இட் வாஸ் சென்னை தட் ஹேட் டு பிரிங் வாட்டர் பை ட்ரெய்ன் இன் 2019.’ இணைப்புச் சொல் என்று பார்த்தால் ‘யெட்’ ஒன்றுதான். ஒப்பீட்டைச் சுமப்பது ‘ட்வைஸ் ஆஸ் மச்... ஆஸ்’ என்ற கட்டமைப்பு. அடுத்து ஒற்றுமையைக் கொண்டுவருகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு ஊருக்கும் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று இருக்கிறது. கோவைக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீரின் அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வருகிறது. ‘போத் சிட்டீஸ் டிபெண்ட் இன் பார்ட் ஆன் எ நெய்பரிங் ஸ்டேட்: கோயம்புத்தூர் ஆன் தி சிறுவாணி டேம் இன் கேரளா, சென்னை ஆன் கிருஷ்ணா வாட்டர் ஃப்ரம் ஆந்திரா.’ கடைசியில் திரும்பவும் வேற்றுமை. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தொடங்கின. கோவைக்கு அந்த வழி இல்லை. ‘ஒன்லி சென்னை, ஹவ்எவர், கேன் டர்ன் டு தி சீ.’ மூன்றே வாக்கியம். தண்ணீர் என்ற ஒரே கேள்வியை விட்டு எங்கும் விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். கடற்கரை உங்கள் பத்தியில் ‘சென்னை ஹேஸ் எ பீச்’ என்று சும்மா கிடந்தது. இங்கே அதே கடலுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அடுத்தது வரிசை. இரண்டு வழி இருக்கிறது. ஒரு பொருளை முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போவதை பிளாக் மெத்தட் என்றும், ஒவ்வொரு அம்சமாக எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைப்பதைப் பாயிண்ட் பை பாயிண்ட் என்றும் சொல்வார்கள். எது சிறந்தது என்று எல்லா வகுப்பிலும் கேட்கிறார்கள். ஒரே பத்திக்குள் முடிக்க வேண்டும் என்றால் என் தேர்வு இரண்டாவது. காரணம் எளிது: பிளாக்கில் எழுதும்போது ஒப்பிட மறந்துபோவது சுலபம். சென்னையைப் பற்றி ஐந்து வரி, கோவையைப் பற்றி ஐந்து வரி, நடுவில் ஒரு ‘இன் கான்ட்ராஸ்ட்’. உங்களுக்குச் சொன்ன அதே குற்றச்சாட்டு அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அம்சம் அம்சமாக எழுதுவதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. ஐந்தாறு அம்சம் எடுத்தால் சென்னை, கோவை, சென்னை, கோவை என்று டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி தலை ஆடும். ஒரு பத்திக்கு இரண்டு அம்சம், மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் போனால் அது வேறு பத்தி.

படிக்கிறவருக்கு இரண்டு பொருளுமே புதிது என்றால் பிளாக் நன்றாக வேலை செய்யும். அராபிக்கா, ரோபஸ்டா என்ற இரண்டு காப்பிச் செடிகளைத் தோட்டம் பார்க்காத ஒருவருக்கு விளக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்சத்துக்கு அம்சம் மாறிமாறிச் சொன்னால் அவருக்கு எந்தச் செடியும் மனதில் நிற்காது. முதலில் அராபிக்கா: நம் நாட்டில் பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் நன்றாக வரும், இலைத் துரு நோய்க்கு எளிதில் ஆட்படும், காஃபீன் குறைவு. பிறகு ரோபஸ்டா: தாழ்வான இடத்திலும் வளரும், அந்த நோயைத் தாங்கும், காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உயரம், நோய், காஃபீன் என்று முதல் பாதியில் எந்த வரிசையோ அதே வரிசை இரண்டாம் பாதியிலும். வரிசை மாறினால் படிக்கிறவர் மேலே போய்த் தேட வேண்டியிருக்கும். இரண்டாம் பாதியில் ‘ஈவன் அட் லோயர் ஆல்டிட்யூட்ஸ்’, ‘ட்வைஸ் ஆஸ் மச் காஃபீன்’ என்று முதல் பாதியைத் திரும்பிப் பார்க்கும் சொற்கள் வர வேண்டும் என்பது இன்னும் முக்கியம். அவை இல்லாவிட்டால் இரண்டு கட்டுரையை ஒட்டியதுதான்.

சரி, இணைப்புச் சொற்களுக்கு வருவோம். இவற்றை ஆங்கிலப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிடத் தமிழில் நீங்கள் தினமும் செய்வதோடு பொருத்திப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். ‘அண்ணனுக்கு இட்லி பிடிக்கும், தம்பிக்கோ தோசைதான்’ என்கிறோம். தம்பிக்கோ என்பதில் வருகிற அந்த ‘ஓ’ இருக்கிறதே, அதுதான் ‘வேர்ஆஸ்’. ஒரே கேள்விக்கு இரண்டாம் ஆள் வேறு பதில் சொல்கிறார் என்று காட்டுகிற ஓகாரம். உங்கள் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, அங்கே ‘ஓ’ ஒட்டுகிறதா என்று பாருங்கள். ‘சென்னையில் நிறைய ஐடி கம்பெனி இருக்கிறது, கோவைக்காரர்களோ மரியாதையானவர்கள்’. ஒட்டவில்லை, இல்லையா? கேட்பதற்கே சிரிப்பு வருகிறது, அதோடு ஐடி கம்பெனிக்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்ற அர்த்தமும் வந்துவிட்டது. அதேபோல ‘சென்னையும் கோவையும்’ என்று இரண்டு உம்மை வரும் இடம் ‘போத்’. ‘கோவையும் அப்படித்தான்’ என்று ஒரே உம்மை வரும் இடம் ‘சிமிலர்லி’. ‘ஆனால்’ வரும் இடம் ‘பட்’. ‘இருந்தாலும்’ வரும் இடம் ‘ஹவ்எவர்’, ‘யெட்’. இந்த ஐந்தாறு போதும். ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் பேண்ட் (மதிப்பெண் நிலை) விளக்கங்களிலும் இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது நடுத்தர பேண்டில் ஒரு குறையாகத்தான் வருகிறது. உச்ச பேண்டில் இணைப்பு கண்ணில் படுவதே அபூர்வம் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்கள்.

நிறுத்தக்குறியில் ஒரு விஷயம். ‘வேர்ஆஸ்’, ‘வைல்’ இரண்டும் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு பாதியைக் கட்டுபவை. ‘சென்னை இஸ் ஹாட். வேர்ஆஸ் கோயம்புத்தூர் இஸ் கூல்.’ என்று முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்தால் இரண்டாவது பாதி அந்தரத்தில் தொங்கும். ‘ஹவ்எவர்’ இதற்கு நேர்மாறு. அது புது வாக்கியம் தொடங்குவது. ‘சென்னை இஸ் ஹாட், ஹவ்எவர் கோயம்புத்தூர் இஸ் கூல்’ என்று காற்புள்ளியில் ஓட்டக் கூடாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து, ‘ஹவ்எவர்’ முடிந்ததும் ஒரு காற்புள்ளி. நான் திருத்தும் தாள்களில் இந்த இரண்டையும் மாற்றிப் போடாதது பத்தில் இரண்டு இருந்தால் அதிகம்.

இனி தமிழ் பேசுகிற நமக்கென்றே காத்திருக்கிற சில பள்ளங்கள். ‘கோவைத் தண்ணி சென்னையைவிட ருசி’ என்று தமிழில் சொன்னால் யாருக்கும் குழப்பம் இல்லை. தண்ணீரைத் தண்ணீரோடுதான் ஒப்பிடுகிறோம் என்று கேட்பவரே நிரப்பிக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘தி வாட்டர் ஆஃப் கோயம்புத்தூர் இஸ் டேஸ்டியர் தேன் சென்னை’ என்று எழுதினால் தண்ணீரை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். தண்ணீர் ருசியாக இருக்கிறது, ஊர் அவ்வளவு ருசி இல்லை. ‘தேன் சென்னைஸ்’ என்றோ ‘தேன் தட் ஆஃப் சென்னை’ என்றோ வர வேண்டும். பன்மையாக இருந்தால் ‘தோஸ் ஆஃப்’. ‘தி ரோட்ஸ் ஆஃப் கோயம்புத்தூர் ஆர் வைடர் தேன் தோஸ் ஆஃப் மதுரை’ என்பது போல. ‘தேன்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் பேனாவை நிறுத்தி, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஜாதிப் பொருள்தானா என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தாலேயே பாதிச் சிவப்பு மை குறையும். ‘சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் தமிழ்நாடு’ என்பதும் இதே குடும்பம்தான். சென்னையும் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? தன்னைவிடத் தானே பெரியதாக இருக்க முடியாது. ‘எனி அதர் சிட்டி’ என்று வர வேண்டும்.

‘மாறாக’ என்ற சொல் இன்னொரு பள்ளம். ‘அவர் கோபப்படவில்லை, மாறாகச் சிரித்தார்’ என்று சொல்லும்போது, முன்னால் சொன்னதை மறுத்து உண்மையைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஆன் தி கான்ட்ரரி’ இந்த இடத்துக்கு மட்டும்தான். சென்னையில் வெயில், கோவையில் குளிர்ச்சி என்பதில் யாரும் எதையும் மறுக்கவில்லை, இரண்டும் உண்மை. அங்கே ‘இன் கான்ட்ராஸ்ட்’ வர வேண்டும். நாம் இரண்டு இடத்திலும் ‘மாறாக’ என்றே எழுதிப் பழகிவிட்டதால் ஆங்கிலத்திலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். ‘ஒப்பிடும்போது’ என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். ‘சென்னையோடு ஒப்பிடும்போது கோவை குளிர்ச்சி’ என்பதை அப்படியே கொண்டுபோய் ‘வென் கம்பேரிங் டு சென்னை, கோயம்புத்தூர் இஸ் கூலர்’ என்று எழுதுகிறார்கள். கோவை உட்கார்ந்து எதையும் ஒப்பிடவில்லை, அதை நாம்தான் ஒப்பிடுகிறோம். ‘கம்பேர்ட் வித் சென்னை’ என்று தொடங்குங்கள். ‘அதே மாதிரி’யிலிருந்து வருகிற ‘சேம் லைக்’ ‘சேம் ஆஸ்’ ஆக வேண்டும். ‘எல்டர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘தேன்’ வராது, ‘ஓல்டர் தேன்’ என்பதே சரி. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ ஆகியவற்றுக்குப் பின்னால் ‘டு’ வரும். ‘மோர் பெட்டர்’ தவறு என்பது உங்களுக்கே தெரியும். அது ஏன் வருகிறது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு: தமிழில் ‘பெரிய’ என்ற சொல் உருமாறாது, பக்கத்தில் ‘விட’ என்று தனியாக ஒன்று வந்தால்தான் ஒப்பீடு ஆகும். ‘பெட்டர்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பீடு இருப்பது நம் காதில் விழுவதில்லை. ஆனால் வேறு பல மொழிக்காரர்களும், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இதே தவறைச் செய்கிறார்கள். ஆகவே பழியைத் தமிழ் மேல் முழுக்கப் போட முடியாது.

இதுவரை சொன்னவற்றில் இலக்கணமாக வந்தவை உறுதியானவை, எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். இனி வருபவை அப்படியல்ல. ‘கம்பேர் டு’, ‘கம்பேர் வித்’ இரண்டுக்கும் பழைய நூல்கள் ஒரு வித்தியாசம் சொல்கின்றன. ஒன்றை இன்னொன்றைப் போன்றது என்று சொல்ல ‘டு’, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆராய ‘வித்’. நல்ல வித்தியாசம்தான், நானும் அதைப் பின்பற்றுகிறேன். ஆனால் இன்று நல்ல எழுத்தாளர்களே ‘கம்பேர்ட் டு’ என்று தாராளமாக எழுதுகிறார்கள், அதற்காக மதிப்பெண் போகும் என்று பயப்பட வேண்டாம். ‘டிஃபரன்ட்’ என்பதற்குப் பின்னால் ‘ஃப்ரம்’ எங்கும் செல்லும். ‘டு’ பிரிட்டனில் கேட்கும், ‘தேன்’ அமெரிக்காவில் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ‘ஃப்ரம்’ எழுதினால் வம்பில்லை. வாக்கியத்தை ‘பட்’ என்று தொடங்கலாமா? இலக்கணப்படி தடை இல்லை. பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த விதி அது, மொழியின் விதி அல்ல. இருந்தாலும் தேர்வுத் தாளில் நான் தவிர்க்கச் சொல்கிறேன், அதை முறைசாராத நடை என்று நினைக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்தியில் ஒற்றுமையை முதலில் சொல்வதா வேற்றுமையையா என்பதும் ருசியைப் பொறுத்தது. எது படிப்பவருக்குப் புதிதோ அது பின்னால் வரட்டும் என்பது என் பழக்கம்.

உங்கள் தேர்வையே எடுத்துக்கொண்டால், அகாடமிக் முதல் டாஸ்க்கில் ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுத்து, முக்கிய அம்சங்களைத் தேர்ந்து சொல்லி, ‘மேக் கம்பேரிசன்ஸ் வேர் ரெலவன்ட்’ என்று கேட்பார்கள். குறைந்தது 150 வார்த்தை, அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். இங்கே நம் ஆட்கள் செய்வது எண்களை வாசித்துக் காட்டுவது. 2011 கணக்கெடுப்பின் எழுத்தறிவை வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஆண்கள் 86.8 சதவீதம், பெண்கள் 73.4. கேரளத்தில் ஆண்கள் 96.1, பெண்கள் 92.1. நான்கு எண்ணையும் நான்கு வாக்கியமாக எழுதி, நடுநடுவே ‘வேர்ஆஸ்’ போட்டால் அது அட்டவணையை வாக்கியமாக மாற்றியதே தவிர ஒப்பீடு ஆகாது. எண்களைக் கழித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 13 புள்ளிக்கு மேல் இடைவெளி, கேரளத்தில் சுமார் 4 புள்ளி. அப்படியென்றால் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: ‘தி கேப் பிட்வீன் மென் அண்ட் விமன் வாஸ் மோர் தேன் த்ரீ டைம்ஸ் ஆஸ் வைட் இன் தமிழ்நாடு ஆஸ் இன் கேரளா.’ அட்டவணையில் இல்லாத, நீங்கள் ஒப்பிட்டதால் மட்டுமே கிடைத்த எண் அது. இன்னொரு அழகும் இருக்கிறது, ஆண்களை மட்டும் பார்த்தால் இரண்டு மாநிலத்துக்கும் 9 புள்ளிதான் வித்தியாசம், பெண்களைப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சுமார் 18.7. எந்த வாக்கியத்தை முதலில் வைப்பது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். இங்கே ‘13 பர்சென்ட்’ என்று எழுதாமல் ‘13 பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்’ என்று எழுதுங்கள். இரண்டு சதவீத எண்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சதவீதம் என்றே சொன்னால் கணக்கு மாறிவிடும்.

பயிற்சிக்கு நான் சொல்வது கொஞ்சம் பழைய முறை. எழுதும் முன் தாளில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டு மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் கேள்வி, இடப்பக்கம் சென்னை, வலப்பக்கம் கோவை. நடுக் கட்டத்தில் கேள்வி எழுதாமல் பக்கத்துக் கட்டத்தை நிரப்பக் கூடாது. ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாக நின்றால் அந்த வரியையே அடித்துவிடுங்கள், அது எவ்வளவு அழகான தகவலாக இருந்தாலும். உங்கள் தாளில் இப்படி அடிபடக்கூடிய முதல் வரி கோவைக்காரர்களின் மரியாதை. அதை விட மனமில்லை என்றால் (கோவைக்காரராக இருப்பீர்கள் என்று தோன்றுகிறது) அதே கேள்வியைச் சென்னையிடமும் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டால் இரண்டு ஊரிலும் என்ன பதில் வருகிறது? கோவையில் ‘நேராப் போங்க, ரைட்ல திரும்புனீங்கன்னா வந்துருமுங்க’ என்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு ‘ங்க’ வரும். சென்னையில் ‘நேரா போ, ரைட் எடு, அங்கதான்’ என்பதோடு, வழி சொன்னவரே நாலடி கூட வந்து திருப்பத்தைக் கைகாட்டிவிட்டும் போவார். இந்த ‘ங்க’வை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று யோசியுங்கள். எழுதிக் கீழே போடுங்கள், நாளை ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.